கொசுறாகப் போன குருவிகள்

கவிதா,

கையெழுத்து வாங்கிவரச் சொல்லி நீ என்னிடம் கொடுத்தாயே ஒரு தாள், அதற்காகக் காத்திருக்காதே. கையெழுத்து வாங்கிவிட்டேன். அஞ்சலை மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதை நேற்று சாயங்காலம் விழுப்புரத்தில் உன் அண்ணன் வீட்டு கேஸ் அடுப்பில் பிடித்து எரித்துவிட்டேன். பால் காய்ச்சிக்கொண்டிருந்த உன் அண்ணி, "இன்னா அத்த, வூட்டக் கொளுத்தப் போறீங்களா?" என்று கத்தினாள். பால் பொங்கி வழிந்து, மேடையெல்லாம் கரியும் பாலுமாகிவிட்டது. நான் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லை, உனக்கு. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, மெதுவாகத்தான் எழுதும். நீயும் மெதுவாகவே படி.

இந்தக் கவரை ஒட்டவில்லை. நாளைக் காலை ரயிலில் இங்கிருந்து உன் திண்டிவனம் ஷெட்டுக்கு வருகிற ராணியிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவள் படித்தாலும் படிக்கட்டும், மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் காட்டட்டும். அஞ்சலையை நீ பேசியது தையல் மிஷின்களுக்கு நடுவில், அத்தனை பெண்களும் கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதற்கு மூடிய கடிதத்தில் பதில் எழுத எனக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலைக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. அவள் உன் சித்தப்பா பெண்டாட்டி, உனக்குச் சின்னம்மா. எனக்கு அவள் யார் என்று உனக்குத் தெரியும். அவள் வீட்டில் நான் ஒரு வாய்ச் சோறு தின்று எத்தனையோ காலம் ஆகிறது, இனியும் தின்னப்போவதில்லை. அது ஏன் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது என் மடியில் பாதி, தரையில் பாதி உட்கார்ந்திருப்பாய்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தேன். நல்ல இடம், பாண்டிச்சேரி பஸ் வந்து நிற்கும் இடம். டம்ளரால் அளந்து போட்டு, மேலே நாலு கடலைக்காய் கொசுறு போடுவேன். நாலுதான். அதற்குமேல் போட்டால் அன்றைக்கு அரிசி வாங்க முடியாது. ஒரு மாசி மாதம் அஞ்சலை வந்தாள். கூடையை என் கூடைக்குப் பக்கத்திலேயே இறக்கினாள். "நீயும் நானும் பேசிக்கினே விக்கலாங்க்கா" என்றாள். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட புடவை, முந்தானையில் பொத்தல். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவளும் அதே டம்ளர், அதே விலை. ஆனால் கொசுறு மட்டும் கை நிறைய அள்ளிப் போட்டாள். ஒரு பிடி! கேட்காதவனுக்கும் போட்டாள். மாறுகண் உள்ள கண்டக்டர் ஒருவன் பஸ் படியில் தொங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "பெரியக்கா கை இறுக்கம், சின்னக்கா கைதான் தாராளம்." ஜனங்கள் சிரித்தார்கள். என் கூடையில் மல்லாட்டை ஆறிப் போய்க்கொண்டிருந்தது. நீ எழுந்து போய் அவள் கூடையிலிருந்து தின்றாய். திரும்பி வந்து, "நம்ம ஏம்மா அவ்ளோ குடுக்கறதில்ல?" என்று என்னையே கேட்டாய். அந்த வருஷம் முடிவதற்குள் அந்த இடத்தை விட்டுவிட்டு, கிளியனூர்ப் பக்கம் களையெடுக்கப் போக ஆரம்பித்தேன். அவளும் பிறகு கடையை விட்டாள். கொசுறு போட்டே நொடித்துப் போனாள் என்று சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் வரவில்லை.

அப்படிப்பட்டவளை நீ உன் துணிப்பொம்மை ஷெட்டுக்குத் தைக்கக் கூப்பிட்டபோது நான் உன்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. "அவங்க கைத்தையல் மாதிரி யாருக்கும் வராதும்மா" என்றாய். அது உண்மைதான். பொம்மைக்குக் கண் வைப்பதும் புருவம் இழுப்பதும் அவள் கைக்கு வருகிற மாதிரி யாருக்கும் வராது. அதனால் நானும் வந்தேன், துணி வெட்டினேன், அவள் உட்கார்ந்த வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்தக் குருவியை அவள் முதலில் செய்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவிலிருந்து உன் போனுக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு பொம்மை. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "பொட்டி காலியா இருக்கற மாதிரி இல்ல?" என்றாய். அஞ்சலை கீழே கிடந்த வெட்டுத் துணியை எடுத்தாள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருவி தைத்தாள். அது சாயாமல் உட்கார வேண்டும் என்று, போகிற வழியில் கூழுக்கு மாவு அரைக்க எடுத்து வந்திருந்த கேப்பையில் கொஞ்சம் அள்ளி அதன் வயிற்றுக்குள் கொட்டி மூடினாள். "கொசுறு" என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டாள். எனக்கு அந்தக் கண்டக்டர் முகம்தான் தெரிந்தது. நான் வேண்டாம் என்றேன். நீ சிரித்தாய். வாங்கிய அந்த அமெரிக்காக்காரி பொம்மையைப் பற்றி ஒரு வரியும் குருவியைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினாள் என்று நீதான் படித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய்? குருவியைத் தனியாக வைத்துப் படம் பிடித்து, இன்டர்நெட்டில் உன் கடைப் பக்கத்தில் மேலே போட்டாய். வாங்குகிறவர்களுக்குக் கையால் செய்த குருவி ஒன்று சும்மா வரும் என்று எழுதினாய். ஆக, குருவி அஞ்சலையுடையதாக இருந்தது அந்த முதல் பெட்டியில் மட்டும்தான். இரண்டாவது பெட்டியிலிருந்து அது உன்னுடையது. இதை நான் மறக்க மாட்டேன், நீயும் மறந்துவிட்டதாக நடிக்காதே.

பிறகுதான் எல்லாம் மாறியது. சின்னப் பார்சல் என்றால் அங்கே வரி கேட்காமல் விட்டுக்கொண்டிருந்தார்கள், இனிமேல் விடமாட்டார்கள் என்று சேதி வந்தது. நீ மூட்டையோடு தபால் ஆபீசுக்குப் போனாய், அவர்கள் அமெரிக்காவுக்கு இப்போதைக்கு எதுவும் எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியிருந்த பெட்டிகளுக்கும் அங்கே வீட்டு வாசலில் வரி கேட்டதால் சிலர் வாங்காமலே விட்டார்கள். பொம்மைகள் ஷெட்டில் குவிந்தன. நீ சாப்பிடாமல், தூங்காமல், போனில் யார் யாரையோ பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு பெண்ணும் வேலை உண்டா இல்லையா என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். உன் அப்பா போனபோது நான் இருந்த மாதிரி நீ அப்போது இருந்தாய். கடைசியில் அங்கே சொந்தமாகக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, வரியைத் தானே கட்டிக்கொள்கிறேன், கிறிஸ்துமஸுக்கு மொத்தமாகப் பொம்மைகள் அனுப்பு என்றாள். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். அதையும் நான் மறக்கவில்லை. இதைச் சாதித்தது நீ. ஒருத்தரும் உதவவில்லை.

அன்றைக்கு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினாய். "ரூல்ஸெல்லாம் மாறிப் போச்சு. பொட்டிக்குள்ள போற ஒவ்வொரு சரக்கும் இன்னது, இன்ன துணி, எங்க செஞ்சது, இன்னா வெலன்னு எழுதித் தரணும். எழுதாத சரக்கு ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. புரிஞ்சிதா?" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். அஞ்சலையும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குருவி வைத்தார்கள். அஞ்சலை மட்டும் இல்லை, ராணி வைத்தாள், மற்றப் பெண்கள் வைத்தார்கள். நீ அந்த வழியாக இரண்டு தடவை நடந்து போனாய், குருவிக் கூடையைத் தாண்டித்தான் போனாய். யாருக்கும் உறைக்கவில்லை. ஏன் உறைக்கவில்லை என்றால், கொசுறை நம்மில் யாரும் சரக்கென்று நினைத்ததே இல்லை. கத்தரிக்காய் வாங்கினால் மேலே போடுகிற கருவேப்பிலைக்கு யார் விலை கேட்டிருக்கிறார்கள்? அதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அங்கே தோன்றியிருக்கிறது. பெட்டியைப் பிரித்தவர்கள் பட்டியலில் இல்லாத குருவியைப் பார்த்தார்கள். குருவியைப் பிரித்தால் உள்ளே தானியம். விதை மாதிரிப் பொருளைச் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சரக்கு அனுப்பிக் கொடுக்கிற உன் ஏஜென்ட் போன் செய்தபோது நீ நின்ற இடத்திலேயே வெளுத்துப் போனாய்.

போனை வைத்ததும் நீ கேட்டாய்: "யாரு வெச்சது அந்தக் குருவிய?"

மிஷின் எல்லாம் நின்றது. அஞ்சலை எழுந்தாள். "நான்தாம்மா" என்றாள்.

"ஒனக்கு அறிவிருக்குதா? சொன்னனா இல்லியா? எல்லாரு பொழப்பையும் கெடுத்துட்டு நிக்கிறியே. பஸ் ஸ்டாண்டுல மல்லாட்ட விக்கறதுன்னு நெனச்சிக்கினியா? வெளிய போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

சின்னம்மாவை நீ என்று சொன்னாய். அவள் ஊசியைப் பெட்டியில் குத்தி வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்ட் மல்லாட்டை என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சொல் அவளைத் தாண்டி வந்து என் மேலும் விழுந்தது. அங்கே மல்லாட்டை விற்றவள் நானும்தான். சின்னதில் நீ சோறு தின்றது அந்தக் காசில்தான்.

அதோடு விட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கோபத்தில் பேசுவது நம் வீட்டில் புதிதில்லை. மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாய். இங்கிலீஷில் இருந்ததை நீயே எனக்குத் தமிழில் சொன்னாய். முதலாளிக்குத் தெரியாமல், சொன்ன பேச்சை மீறி, தொழிலாளி அஞ்சலை தன் இஷ்டத்துக்கு வைத்தது என்று எழுதியிருக்கிறது, அவள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். "இத்தக் குடுத்தா எம்மேல தப்பு வராதும்மா. அடுத்த தடவ என் சரக்க சந்தேகமாப் பாக்க மாட்டாங்க. அமெரிக்காவுலேர்ந்து பெருமுக்கலுக்கு அவங்களத் தேடிக்கினு யாரு வரப்போறாங்க? நான் போனா குடுக்க மாட்டாங்க. நீ ஓர்ப்படி, நீ போய் வாங்கிக்கினு வா, ஜல்தியா" என்றாய். போனேன். அவளிடம் போய் நின்று அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

வாசலில் முறத்தை வைத்துக் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாக்கா. தண்ணி குடிக்கிறியா, இல்ல அதும் எங்கூட்டுல ஆவாதா?"

"ஆவாது. கையெழுத்து ஒண்ணு வாங்க வந்தேன்."

"எங்க வெக்கணும்?"

"இன்னா ஏதுன்னு கேக்க மாட்டியாடி?"

"நீ எம் வாசப்படி ஏறி வந்ததே பெருசு. இன்னா, சொத்தையா எழுதி வாங்கிடப் போற? ரெண்டு ஆடு கீது. அதுல ஒண்ணு நொண்டி."

எழுதியிருப்பதைச் சொன்னேன். மறைக்காமல்தான் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியாமலா? அந்தப் பொண்ணுதான போட்டோ புடிச்சிப் போட்டுது?" என்றாள். நான் தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். நொண்டி ஆடு வந்து முறத்தில் வாய் வைத்தது. அதை அவள் விரட்டக்கூட இல்லை.

"இதுல போட்டா பொட்டிங்கள உட்டுருவாங்களா?"

"உடலாம். தெரியாது."

"மத்தப் பொண்ணுங்களுக்கு வேல இருக்குமா?"

"இருக்கலாம்."

"அப்பக் குடு." பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுக் கேட்டாள்: "எனக்கு ஒண்ணுதாங்க்கா புரியல. சும்மா குடுக்கறதுக்குக்கூட பேரும் வெலையும் எழுதணுமா? வெல எழுதிட்டா அப்புறம் அது இன்னா கொசுறு?"

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். திண்டிவனம் வந்து இறங்கி ஷெட்டுக்கு வராமல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் செய்ததை நன்றாகப் பார், கவிதா. கேட்காமலே அள்ளிப் போட்டாள். தன் பெயரையே கொசுறாகப் போட்டுவிட்டாள். அன்றைக்கு மாதிரியே அவள் கை தாராளம், என் கை இறுக்கம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவளாக என்னை ஆக்கிவிட்டாள். என் பெண்ணின் தொழில் அஞ்சலையின் கொசுறில் நடந்தது என்று அவள் மனசுக்குள்ளாவது ஒருநாள் நினைப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் எரித்தேன். இது நல்ல மனசா கெட்ட மனசா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

உன் பக்கத்தை நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதே. உண்மையை எழுதினால் தப்பு உன் தலையில் விழும். அபராதம் வரலாம். கடைக்காரம்மா இனி உனக்கு ஆர்டர் தராமல் போகலாம். அடுத்த சரக்கையும் அதற்கடுத்த சரக்கையும் அவர்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஷெட்டே கொஞ்ச காலம் மூடிக் கிடக்கலாம். வங்கிக்காரன் முகத்தை நீ பார்க்க வேண்டியிருக்கும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அஞ்சலை பெயரை எழுதி அனுப்பிவிட்டால் மறுநாள் ஷெட்டில் யார் தைப்பார்கள் என்று யோசித்தாயா? எல்லாரும் வருவார்கள், வேறு வேலை கிடையாது. ஆனால் ஒவ்வொருத்தியும் குனிந்துகொண்டு, அடுத்த தப்புக்கு யார் பெயர் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் தைப்பாள். நீ பின்னால் வந்து நின்றாலே தையல் கோணும். அப்படித் தைத்த பொம்மையின் முகம் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். அதுவும் போகட்டும். குருவிப் படத்தை உன் கடைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாயாமே? ராணி சொன்னாள். அமெரிக்காவில் எத்தனை வீட்டு ஜன்னலில் அந்தக் குருவி உட்கார்ந்திருக்கிறது? எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீ எழுதுவதை அவர்கள் நம்ப வேண்டுமென்றால், அத்தனை குருவியையும் நீ போய் எடுத்து வர வேண்டும்.

இது எங்கள் வழக்கம், வாங்குகிறவர்களுக்கு மேலே ஒன்று சும்மா கொடுப்போம், அதைக் கொடுக்கச் சொன்னது நான், உள்ளே கேப்பை இருப்பது எனக்குத் தெரியும், சட்டம் மாறியபோது அதையும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுது. குருவிகளை எடுத்துப் போட்டுவிடுங்கள், அதற்கு ஆகிற செலவை நான் கொடுக்கிறேன் என்று எழுது. அதற்கு மேல் அவர்கள் செய்வதைச் செய்யட்டும். கீழே உன் பெயர் மட்டும் இருக்கட்டும்.

ஏஜென்டின் ஆள் நாளை மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வருகிறான் என்று சொன்னாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு ஒரு முழு நாள் இருக்கும். நான் நாளைக்கே பெருமுக்கல் போகிறேன். இரவு அங்கே தங்க வேண்டியிருக்கும். கையில் சோறு கட்டிக்கொண்டு போவேன். அவள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. நீ இங்கிலீஷில் எழுதுவதை, அந்த ஆள் முன்னால், தையல் மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, தமிழில் சத்தமாகப் படி. அன்றைக்கு யார் யார் கேட்டார்களோ அவர்கள் எல்லாரும் இதையும் கேட்கட்டும். அப்புறம் கையெழுத்துப் போடு. அஞ்சலையும் அங்கே நிற்பாள், நான் கூட்டிக்கொண்டு வருவேன். ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவள் முன்னால் உட்காரட்டும், நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

அம்மா